கைக்கு எட்டும் சாலை: பெர்ஃபாமன்ஸ் செடான்களில் மின்சார ஸ்டீயரிங்கின் வரலாறு

ஸ்டீயரிங் சக்கரத்துக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஓட்டுநரின் எண்ணத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது ஒன்று. முன்சக்கரங்கள் தரையில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஓட்டுநரின் கைகளுக்குத் தெரிவிப்பது மற்றொன்று. முதற்கடமையை எளிதாக்குவதற்காகக் கடந்த ஒரு நூற்றாண்டில் செய்யப்பட்ட பெரிய மாற்றங்கள் தொடக்கத்தில் இரண்டாம் கடமையைப் பலவீனப்படுத்தின; பிறகு இழந்தது இன்னதென்று பொறியாளர்கள் கண்டறிந்து, அதை மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் உழைத்தனர். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் 1950களில் அமெரிக்கக் கார்களுக்குள் வந்தபோது நிகழ்ந்த இதுவே, மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் 2010களில் வேகமிக்க செடான்களுக்குள் வந்தபோதும் நிகழ்ந்தது.

குடும்பப் பயணத்துக்கேற்ற நான்கு கதவுகளும் பின்னிருக்கையும் சாமான் அறையும் கொண்ட உடலில், பந்தய மரபிலிருந்து வந்த எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் பொருத்திச் செய்யப்படும் கார்களைப் பெர்ஃபாமன்ஸ் செடான்கள் என்பர். 1962இல் வெளிவந்த ஆல்ஃபா ரோமியோ ஜூலியா டி.ஐ. போன்ற கார்களில் தொடங்கிய இம்மரபு, 1985இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் எம்5 காரோடு தனியொரு வகையாக நிலைபெற்றது. இத்தகைய கார், வாழ்நாளின் பெரும்பகுதியை நகர நெரிசலிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் கழிப்பதால் அதன் ஸ்டீயரிங் இலகுவாக இருக்க வேண்டும்; மலைப்பாதையிலோ பந்தயத் தடத்திலோ விரையும்போது அதே ஸ்டீயரிங் டயரின் நிலையை ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும். ஸ்டீயரிங்கின் இரு கடமைகளும் மிகக் கடுமையாக முரண்படும் இடம் இதுவே என்பதால், மின்சார ஸ்டீயரிங்கின் நிறைகுறைகளும் இவ்வகைக் கார்களில்தான் தெளிவாக வெளிப்பட்டன.

டயர் தரும் தகவல்

கார் வளைவில் திரும்பும்போது, டயர் நோக்கியிருக்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. ரப்பர் நெளிந்துகொடுப்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. நழுவுகோணம் எனப்படும் இக்கோணமே காரை வளைவின் உட்புறம் இழுக்கும் பக்கவிசையைப் பிறப்பிக்கிறது. டயர் தரையைத் தொடும் பகுதியான தொடுபரப்பின் முன்விளிம்பில் தரையைப் பற்றும் ரப்பர், பின்விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மேலும் நெளிந்து பின்பாதியில் அதிக விசையைத் தருவதால், அந்தப் பக்கவிசை தொடுபரப்பின் நடுப்புள்ளிக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் செயல்படுகிறது. பின்தங்கிய இத்தூரம் நெம்புகோலாக அமைந்து, சக்கரத்தை மீண்டும் நேராக்க முயலும் திருப்பு விசையைத் தருகிறது. சக்கரம் திரும்பும் அச்சைச் சற்றுப் பின்புறமாகச் சாய்த்து அமைப்பதால் கிடைக்கும் விசையும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு சாய்க்கும் கோணத்துக்குக் கேஸ்டர் என்று பெயர். ஓட்டுநர் வளைவில் தம் கைகளில் உணரும் எதிர்ப்பு பெரும்பாலும் இவ்விரண்டின் கூட்டுத்தொகையே ஆகும்.

இதில் பாதுகாப்புக்கு மிக முக்கியமான நுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. உலர்ந்த சாலையில் வழக்கமான ஒரு டயரின் பக்கவிசை, நழுவுகோணம் ஏறத்தாழ 8 முதல் 10 பாகையை எட்டும்வரை வளர்ந்துகொண்டே போகும். சக்கரத்தை நேராக்க முயலும் திருப்பு விசையோ, ஏறத்தாழ 4 பாகையிலேயே உச்சத்தை அடைந்து அதன் பிறகு குறையத் தொடங்கிவிடும். தொடுபரப்பின் பின்பாதி முதலில் வழுக்கத் தொடங்குவதால் பக்கவிசை செயல்படும் புள்ளி முன்னோக்கி நகர்ந்து, நெம்புகோலின் நீளம் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம். எனவே, டயரின் பிடிமானம் முற்றிலும் தீர்வதற்கு முன்பே ஸ்டீயரிங்கின் எதிர்ப்பு தளர்கிறது. வளைவுக்குள் நுழைகையில் சீராகக் கூடிக்கொண்டே வந்த கனம் ஒரு கட்டத்தில் வளர்வதை நிறுத்தி, பிறகு மெல்லத் தளரும்போது, காரின் முன்பகுதி வெளிப்புறமாக நழுவப்போகிறது என்பதைக் கண் அறிவதற்கு முன் கை அறிந்துகொள்கிறது. தேர்ந்த ஓட்டுநர்கள் ஸ்டீயரிங் உணர்வு என்று போற்றுவதன் உயிர்நாடி இந்த முன்னறிவிப்புதான். சாலையின் சொரசொரப்பு, ஈரம், சிறு மேடுபள்ளம் ஆகியவை தரும் நுண்ணிய அதிர்வுகள் அதற்குத் துணைநிற்கின்றன.

எண்ணெய் அழுத்தத்தின் அறுபது ஆண்டுகள்

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வாகனம் ஒரு கைப்பிடியால் திருப்பப்பட்டது. 1894ஆம் ஆண்டு பாரிஸ்–ரூவான் போட்டியில் ஆல்ஃபிரட் வாஷரோன் தம் பான்ஹார் காரில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டியதைத் தொடர்ந்து, சில ஆண்டுகளில் அவ்வடிவமே எங்கும் பரவியது. அக்காலக் கார்களில் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்தவை இரும்புத் தண்டுகளும் பல்சக்கரங்களும் மட்டுமே என்பதால், டயரின் நிலை முழுவதும் கைக்கு வந்தது. கல்லில் மோதிய அதிர்ச்சியும் அதனோடு சேர்ந்தே வந்தது. 1920களில் கார்களின் எடை கூடி, காற்றழுத்தம் குறைந்த அகலமான டயர்கள் புழக்கத்துக்கு வந்தபோது, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது பெரும் உடலுழைப்பாக மாறியது.

பியர்ஸ்-ஏரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர், அவ்வேலையை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை உருவாக்கி, 1920களின் நடுப்பகுதியில் ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் பொருத்திக் காட்டினார். ஸ்டீயரிங்கைத் திருப்பாதபோது எண்ணெய் தடையின்றிச் சுழன்றுவரும். திருப்பும்போது மட்டும் வால்வு வழியைக் குறுக்கி அழுத்தத்தை எழுப்பும். இந்தத் திறந்த வால்வு அமைப்பே அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேடிலாக் கார்களில் அது இடம்பெற வேண்டியிருந்தும், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் 1934இல் செலவைக் காரணம் காட்டி அத்திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இராணுவ வாகனங்களில் பயன்பட்ட பின்னர், 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் ஹைட்ராகைடு என்ற பெயரில் அதைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு கேடிலாக்கும் இணைந்துகொண்டது.

எந்நேரமும் முழுத் துணை என்று கிரைஸ்லர் விளம்பரப்படுத்திய அந்த ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் திருப்ப முடிந்தது. ஆனால் சக்கரம் எங்கே நிற்கிறது என்பதை அந்த விரலுக்கு அது சொல்லவில்லை. உழைப்பைக் குறைப்பது மட்டுமே இலக்காக வைக்கப்பட்டபோது கிடைத்த விளைவு இது. அடுத்துவந்த பொறியாளர்கள் இக்குறையைப் படிப்படியாக நீக்கினர். ஸ்டீயரிங் தண்டின் நடுவே முறுகுதண்டு எனப்படும் மெல்லிய எஃகுத் தண்டு வைக்கப்பட்டு, ஓட்டுநரின் கை ஒரு முனையையும் டயரின் எதிர்ப்பு மறுமுனையையும் பற்றி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் அதைச் சில பாகை முறுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. எவ்வளவு முறுகுகிறதோ அதற்கேற்ப வால்வு திறந்து எண்ணெய் துணைபுரியும். வால்வின் விளிம்புகளை எவ்வளவு சரித்து வெட்டுவது என்பதில் துணையின் வளர்ச்சி விகிதம் அடங்கியிருந்ததால், ஒரு மில்லிமீட்டரின் மிகச் சிறு பின்னத்தில் செய்யப்பட்ட மாற்றம்கூடக் காரின் குணத்தை மாற்றியது. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 1980களில் பரவலாக்கிய சர்வோட்ரானிக் அமைப்பு, வேகம் கூடக்கூடத் துணையைக் குறைத்தது. இதற்கு நேர்மாறான திசையில் சென்ற காரும் உண்டு. 1970இல் வந்த சிட்ரோயன் எஸ்.எம். காரின் டிராவி ஸ்டீயரிங்கில், சாலையின் எதிர்ப்பு கைக்கு வராமல் தடுக்கப்பட்டு, வேகத்துக்கேற்ப இறுகும் ஹைட்ராலிக் அழுத்தத்தால் ஒரு செயற்கை எதிர்ப்பு ஊட்டப்பட்டது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அதன் ஸ்டீயரிங் இரண்டே சுற்றுகள் சுற்றும்.

ஆகவே, பின்னாளில் இரசிகர்கள் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்த 1990களின் ஹைட்ராலிக் உணர்வு, எண்ணெயின் இயல்பான குணத்தால் தானாக வந்ததன்று. நாற்பது ஆண்டுத் திருத்தங்களின் விளைபொருள் அது. அக்காலத்திலும் எல்லாச் செடான்களும் ஒரே தரத்தில் இருக்கவில்லை. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் இ39 எனப்படும் 5 வரிசையில், ஆறு சிலிண்டர் கார்களுக்கு, சிறு பல்சக்கரம் ஒன்று பல்தண்டை நேரடியாக இடம்வலமாக நகர்த்தும் ரேக்-பினியன் அமைப்பு கிடைத்தது. 1998இல் வந்த எம்5 உள்ளிட்ட வி8 எஞ்சின் கார்களிலோ, குண்டுகள் சுழன்றோடும் திருகுப்பெட்டியும் பல இணைப்புத் தண்டுகளும் கொண்ட பழைய அமைப்பே தொடர்ந்தது. இணைப்புகள் கூடும்தோறும் உராய்வும் தளர்வும் கூடும் என்பதால், வலிமை மிகுந்த காரைவிட எளிய காரின் ஸ்டீயரிங் நேர்த்தியாக அமைய வாய்ப்பிருந்தது.

சிறு கார்களிலிருந்து வந்த மோட்டார்

மின்சாரப் பவர் ஸ்டீயரிங்கின் பிறப்புக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. ஜப்பானின் கோயோ செய்கோ நிறுவனம் உருவாக்கி, 1988இல் சுசுகி செர்வோ என்ற சின்னஞ்சிறு காரில் பொருத்தப்பட்டதே பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் மின்சார ஸ்டீயரிங் ஆகும். 550 சிசிக்கு உட்பட்ட எஞ்சினுக்கு, இடைவிடாது சுழலும் ஹைட்ராலிக் பம்ப்பு பெருஞ்சுமை. முன்சக்கரங்களின் மேலுள்ள எடை குறைவு என்பதால் சிறு மோட்டாரே அங்குப் போதுமானது. முறுகுதண்டு இங்கும் நீடித்தது. ஆனால் அதன் முறுக்கம் வால்வைத் திறப்பதற்குப் பதிலாக ஒரு சென்சாரால் அளக்கப்பட்டு, அந்த அளவுக்கேற்ற மின்னோட்டத்தைக் கட்டுப்பாட்டுக் கணினி மோட்டாருக்கு அனுப்பியது.

விளையாட்டுக் கார்களில் இதை முதலில் துணிந்து ஏற்றது ஹோண்டா. 1990இல் அறிமுகமான என்.எஸ்.எக்ஸ். காரின் தானியங்கி கியர் வகையில் மோட்டார் நேரடியாக ரேக்கின் மீது அமைக்கப்பட்டது; கையால் கியர் மாற்றும் வகை அப்போது துணையேதுமற்ற ஸ்டீயரிங்கோடு விற்கப்பட்டது. 1999இல் எஸ்2000 காரும், 2003இல் நான்கு கதவுகள் கொண்ட மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 காரும் இதே வழியில் வந்தன. முந்தையதன் ஸ்டீயரிங் துல்லியமானது என்றாலும் பேசாமல் இருக்கிறது என்று விமர்சகர்கள் குறைகூறினர். பிந்தையதன் ஸ்டீயரிங்கை அதே வட்டாரத்தினர் பாராட்டினர். மின்சாரம் என்ற ஒன்றே உணர்வைக் கெடுத்துவிடும் என்ற கருத்தை இவ்விரு கார்களின் ஒப்பீடே தொடக்கத்தில் மறுத்துவிட்டது.

ஐரோப்பாவில், 2002இல் வந்த பி.எம்.டபிள்யூ. இசட்4 காரின் மின்சார ஸ்டீயரிங் ஓட்டுநர்களை நிறைவுசெய்யவில்லை. 2006இல் அதன் வேகமிக்க எம் வகை வெளிவந்தபோது நிறுவனம் ஹைட்ராலிக் அமைப்புக்கே திரும்பியது. 2003இல் ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், கைக்கு ஒரு பினியனும் மோட்டாருக்குத் தனியாக மற்றொரு பினியனும் கொண்ட இரட்டைப் பினியன் அமைப்பைப் பெருந்தொகைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. பெரிய செடான்கள் மட்டும் இன்னும் காத்திருந்தன. கனமான காரை நின்ற இடத்தில் திருப்ப, ரேக்கை ஒரு டன் எடைக்கு நிகரான விசையால் தள்ள வேண்டியிருக்கும். 12 வோல்ட் மின்னமைப்பில் அதற்கு 80 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் சில நொடிகளுக்குத் தேவைப்படும் என்பதே இக்காத்திருப்புக்குக் காரணம்.

சட்டமும் செடானும்

காத்திருப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது ஓட்டுநரின் விருப்பமன்று, புகைக்கட்டுப்பாட்டுச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் நிறைவேற்றிய விதி, புதிய கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியீட்டை 2015க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், அடுத்த கட்டமாக 95 கிராம் என்றும் இலக்கு வைத்தது. நேர்சாலையில் செல்லும்போதும் ஹைட்ராலிக் பம்ப்பு எஞ்சினின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மின்மோட்டாரோ திருப்பும்போது மட்டும் மின்சாரத்தைச் செலவிடும். இம்மாற்றத்தால் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 லிட்டர் எரிபொருள் மிச்சமாகும் என்று தயாரிப்பாளர்கள் கணக்கிட்டனர். ஒவ்வொரு கிராமுக்கும் போராடிய நிறுவனங்கள் இதை விட்டுவிட முடியவில்லை. சிக்னலில் எஞ்சினைத் தானே அணைக்கும் வசதியும், காரை நிறுத்துமிடத்தில் தானாகத் திருப்பி நிறுத்தும் வசதியும், தடம் விலகாமல் காக்கும் வசதியும் ஸ்டீயரிங்கில் ஒரு மோட்டார் இருந்தால் எளிதில் அமைகின்றன என்பது கூடுதல் காரணமாயிற்று.

2010இல் வந்த பி.எம்.டபிள்யூ. எஃப்10 வகை 5 வரிசை மின்சார ஸ்டீயரிங்குக்கு மாறியது. அதே உடலில் 2011இல் வந்த எம்5 மட்டும் ஹைட்ராலிக் அமைப்பைத் தக்கவைத்துக்கொண்டது. அதே 2011இல், ஸ்டீயரிங் உணர்வுக்கு அளவுகோலாகக் கருதப்பட்ட போர்ஷே 911 காரும் 991 தலைமுறையில் மின்சாரத்துக்கு மாறியதால், விவாதம் செடான்களைத் தாண்டி விரிந்தது. 2014இல் வந்த எஃப்80, மின்சார ஸ்டீயரிங் பெற்ற முதல் எம்3 ஆயிற்று. அதே ஆண்டளவில் சுபாருவின் டபிள்யூ.ஆர்.எக்ஸ். செடான் மின்சாரத்துக்கு மாற, அதன் கடுமையான உடன்பிறப்பான எஸ்.டி.ஐ. உற்பத்தி முடியும்வரை ஹைட்ராலிக்கிலேயே நின்றது. சாதாரண வகை மாறிவிட்ட பின்னரும் உயர்வகை பழைய அமைப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை நோக்கும்போது, புதிய அமைப்பு இன்னும் முதிரவில்லை என்பதைத் தயாரிப்பாளர்களே உணர்ந்திருந்தனர் என்று கொள்ள இடமிருக்கிறது.

கை ஏன் மரத்துப்போனது

இக்காலத்துச் செடான்களின் ஸ்டீயரிங் துல்லியமாகவும் விரைவாகவும் இருந்தும் உணர்வற்றிருக்கிறது என்ற குறை பரவலாக எழுந்தது. அதற்குரிய காரணங்களில் முதலாவது, மோட்டாரின் நிலைமம், அதாவது தன் இயக்கத்தில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் எதிர்க்கும் இயல்பு. சிறிய மோட்டார் பெரிய விசையைத் தர வேண்டுமெனில் அது பல்சக்கரங்களின் வழியே வேகமாகச் சுழல வேண்டும். ஸ்டீயரிங் தண்டு ஒரு சுற்று சுற்றுகையில் மோட்டார் 20 சுற்றுகள் சுற்றுமானால், அதன் நிலைமம் தண்டில் 20 மடங்காகத் தோன்றாமல், 20இன் வர்க்கமாகிய 400 மடங்காகத் தோன்றும். டயரிலிருந்து வரும் நுண்ணதிர்வு இப்பெருஞ்சுமையை அசைக்க முடியாமல் வழியிலேயே அடங்கிவிடுகிறது. எண்ணெய்க்கு இத்தகைய நிலைமம் மிகக் குறைவு.

இரண்டாவது, உராய்வு. மோட்டாரைத் தண்டோடு இணைக்கும் திருகுப் பல்சக்கரத்தில் உராய்வு மிகுதி. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஓரிரு பாகை அசைத்தால் எழவேண்டிய மிக மெல்லிய எதிர்ப்பை இவ்வுராய்வு விழுங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மென்மையாக அசைத்து, கோணத்துக்கும் விசைக்கும் உள்ள உறவை அளக்கும் பன்னாட்டுத் தரச் சோதனை ஒன்று உண்டு. உராய்வு மிகுந்த அமைப்பில் அந்த வரைகோடு போகும்போது ஒரு வழியும் திரும்பும்போது வேறொரு வழியுமாக அகன்ற வளையமாகிவிடும்.

மூன்றாவதும் மிக முக்கியமானதும், மென்பொருளில் எழுதப்பட்ட துணையின் வரைகோடு. ரேக்கின் விசை ஏற ஏற மோட்டாரின் பங்கைச் செங்குத்தாக உயர்த்தினால், கடுமையான வளைவிலும் கைக்கு வரும் கனம் ஓரளவுக்கு மேல் கூடாது. ஓட்டுதல் சுகமாக இருக்கும். ஆனால் பிடிமானத்தின் எல்லையில் ரேக்கின் விசை தளரும்போது, மோட்டார் தன் பங்கையும் உடனே குறைத்துக்கொள்வதால், கைக்கு வரும் கனம் ஏறத்தாழ மாறாமலே நிற்கிறது. டயர் தரும் முன்னறிவிப்பு இவ்வாறு கணக்கிலேயே அழிந்துபோகிறது. சாலையின் சரிவால் கார் ஒருபுறம் இழுக்கப்படுவதையும் பக்கக் காற்றின் தள்ளலையும் ஓட்டுநர் அறியாமல் ஈடுசெய்யும் கட்டளைகள் இதன் மேல் சேர்க்கப்பட்டபோது, டயர் அனுப்பிய தகவலில் எது உண்மை, எது கணினி கூட்டியது என்பதைக் கை பிரித்தறிய இயலாமல் போயிற்று.

இக்குறையை ஈடுசெய்ய வந்த கம்ஃபர்ட், ஸ்போர்ட், ஸ்போர்ட் பிளஸ் முதலிய பொத்தான்கள் சிக்கலைத் தீர்க்கவில்லை. எஃப்80 எம்3 காரைச் சோதித்த பலர் கண்டதுபோல, அப்பொத்தான்கள் கனத்தைக் கூட்டினவே தவிர உணர்வைக் கூட்டவில்லை. கனம் என்பது எதிர்ப்பின் அளவு. உணர்வு என்பது டயரின் நிலைக்கேற்ப அந்த எதிர்ப்பு மாறும் விதம். எல்லா நிலைகளிலும் ஒரே அளவில் கனமாக இருக்கும் ஸ்டீயரிங், எல்லா நிலைகளிலும் இலகுவாக இருக்கும் ஸ்டீயரிங்கைப் போன்றே ஓட்டுநருக்கு ஒன்றும் தெரிவிப்பதில்லை.

பழி முழுவதையும் மோட்டாரின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. 1986இல் வந்த முதல் எம்3 சுமார் 1,200 கிலோ எடையும் 205 மில்லிமீட்டர் அகல முன்டயர்களும் கொண்டது. எஃப்80 எம்3 1,500 கிலோவைக் கடந்து, 255 மில்லிமீட்டர் அகல முன்டயர்களை அணிந்தது. டயர் அகலமாகி அதன் பக்கச்சுவர் தாழும்போது, பிடிமானம் உயர்வதோடு, பிடிமானம் தீரும் விதமும் திடீரென்று மாறுவதாக அமைகிறது. சாலையின் அதிர்ச்சி ஸ்டீயரிங்குக்கு வராமலிருக்கவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட பல்லிணைப்பு முன் சஸ்பென்ஷன்களும் பங்களித்தன. ஹைட்ராலிக் அமைப்பு நீடித்திருந்தாலும் உணர்வின் ஒரு பகுதி குறைந்தே இருக்கும்.

மீட்பின் பாதை

ஹைட்ராலிக் காலத்தில் நிகழ்ந்ததுபோலவே திருத்தம் முதலில் உறுப்புகளின் கட்டமைப்பில் தொடங்கியது. மோட்டாரை ஓட்டுநரின் காலருகே உள்ள தண்டிலிருந்து இறக்கி, ரேக்குக்கு இணையாக வைத்து, பல்வார்ப்பட்டையால் ஒரு குண்டுத்திருகைச் சுழற்றி ரேக்கைத் தள்ளும் அமைப்பில் உராய்வு வெகுவாகக் குறைந்தது.  2012இல் வந்த கேடிலாக் ஏ.டி.எஸ். இத்தகைய இசட்.எஃப். அமைப்பை ஏற்று, ஜெர்மனியின் நூர்பர்கிரிங் தடத்தில் மெருகேற்றப்பட்டு வெளிவந்தபோது, அதன் ஸ்டீயரிங் அன்றைய ஜெர்மன் போட்டியாளர்களைவிடத் தெளிவாகத் தகவல் தருகிறது என்று மதிப்பீட்டாளர்கள் எழுதினர். அறுபது ஆண்டுகளுக்கு முன் உணர்வற்ற ஸ்டீயரிங்கைப் பரப்பிய நிறுவனங்களுள் ஒன்றே இப்போது உணர்வை மீட்கும் முயற்சியில் முன்னின்றது.

மென்பொருளிலும் முதிர்ச்சி வந்தது. மோட்டாரின் நிலைமத்தையும் உறுப்புகளின் உராய்வையும் கணித்து, நொடிக்கு ஆயிரம் தடவை என்ற கணக்கில் அவற்றை மோட்டாராலேயே ஈடுசெய்யும் முறைகள் தேர்ச்சியடைந்தன. துணையின் வரைகோட்டை எல்லைக்கு அருகில் செங்குத்தாக உயர்த்தாமல் மென்சரிவாகவே விட்டுவைத்தால், டயரின் தளர்ச்சி கைக்கு வந்துசேரும் என்பதும் தெளிவாயிற்று. 2015இல் வெளியிடப்பட்ட ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ வேறொரு வழியைக் காட்டியது. சக்கரம் ஒரு பாகை திரும்ப ஸ்டீயரிங் சுமார் 11.8 பாகை மட்டுமே திரும்பினால் போதும் என்ற விரைவான விகிதத்தோடு, கனத்தைச் செயற்கையாகக் கூட்டாமல் இலகுவாகவே விட்ட அந்தக் கார், எதிர்ப்பு குறைவாக இருந்தாலும் அதன் ஏற்றத்தாழ்வு தூய்மையாக வந்தால் ஓட்டுநர் நம்பிக்கை கொள்வார் என்பதை மெய்ப்பித்தது.

இணைப்பு அறுந்த பின்

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் தொடங்கிவிட்டது. 2013இல் வந்த இன்ஃபினிட்டி கியூ50 செடான், ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே மின்கம்பிகள் வழியே மட்டும் தொடர்புகொள்ளும் அமைப்பை முதன்முதலாகப் பொதுவிற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒன்றையொன்று கண்காணித்தன. பழுது நேர்ந்தால் ஒரு கிளட்ச் இரும்புத் தண்டை மீண்டும் இணைக்கும். 2025இல் வாடிக்கையாளர் கைக்குச் சென்ற சீனாவின் நியோ இ.டி.9 போன்ற செடான்களில் அந்தத் தண்டும் இல்லை. இத்தகைய காரில் ஓட்டுநரின் கையில் படும் எதிர்ப்பு முழுவதும் ஒரு தனி மோட்டார் உருவாக்குவது; சிட்ரோயன் எஸ்.எம். 1970இல் எண்ணெயால் செய்ததை இவை மின்சாரத்தால் செய்கின்றன.

ஹைட்ராலிக் அமைப்பிலும் மின்சார அமைப்பிலும் பொறியாளர் எதையும் செய்யாமல் விட்டாலும் டயரின் நிலையில் ஒரு பகுதியேனும் தண்டின் வழியே கைக்கு வந்துவிடும். கம்பிவழி ஸ்டீயரிங்கில் அவ்வாறு தானாக வருவது ஏதுமில்லை. பிடிமானம் தளர்கையில் கனம் தளர வேண்டும் என்று ஒருவர் அறிந்து எழுதினால் மட்டுமே அது தளரும். எனவே நழுவுகோணத்தையும் பின்தங்கிய நெம்புகோலையும், அவை கைக்குச் சொல்லும் முன்னறிவிப்பையும் புரிந்துகொண்ட பொறியாளர்களும் சோதனை ஓட்டுநர்களும் முன்னெப்போதையும்விட இப்போது இன்றியமையாதவர்கள் ஆகின்றனர். டேவிஸின் வால்விலிருந்து இன்றுவரையிலான நூறாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுவது, நல்ல ஸ்டீயரிங்கை எண்ணெயோ மின்சாரமோ தந்ததில்லை, கைக்கு என்ன தெரிய வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டவர்களே அதைப் பெற்றுத் தந்தார்கள் என்பதாகும். வருங்காலச் செடானை மதிப்பிடுவோர், அது எத்தனை ஓட்டுமுறைப் பொத்தான்களைத் தருகிறது என்று எண்ணுவதை விடுத்து, பிடிமானம் தீரும் முன் அது கைக்கு அறிவிக்கிறதா என்ற ஒரே கேள்வியை முதலில் கேட்பாராயின், இம்முறை இழப்பதற்கும் மீட்பதற்கும் இடையே இன்னொரு பத்தாண்டு வீணாகாது.